ஏறலாம்... இறங்க முடியாது!

இந்த வாரம் பீரைப் பற்றி. உடனே நிமிர்ந்து உட்கார்ந்த இளைஞர்களுக்கு ஒரு சின்ன ஏமாற்றம். குடிப்பதைப் பற்றி அல்ல. பீர் ஆவதற்கு முன் பார்லி படுகிற பாட்டைப் பற்றி. அதிலும் முதல் ஒன்றரை, இரண்டு மணி நேரம் மட்டும். அப்போது பானையில் ஒரு சொட்டு ஆல்கஹால் கிடையாது. இருப்பது சுத்தமான பார்லிக் கஞ்சி. ஆசிரியர் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சினால் மதுவிலக்குச் சட்டத்தில் உள்ளே போடுவார்கள். எனவே இதைச் செய்முறைக் குறிப்பாக வெட்டி வைத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவிலேயே 1978 அக்டோபரில் ஜனாதிபதி கார்ட்டர் ஒரு மசோதாவில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வீட்டு பீருக்கு மத்திய அரசின் அனுமதி கிடைத்தது. வயது வந்த ஒருவருக்கு வருஷத்துக்கு 100 காலன். வீட்டில் இரண்டு பேர் என்றால் 200. அதாவது சுமார் 757 லிட்டர். விற்கக் கூடாது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக வழிக்கு வந்து, கடைசியாக மிஸிஸிப்பியும் அலபாமாவும் தலையாட்டியது 2013-ல்.

* * *

ஆரிகன் மாநிலத்து போர்ட்லண்டில் இருக்கும் என் அக்கா பையன் கம்ப்யூட்டர் ஆசாமி. அங்கே போயிருந்தபோது ஒரு சனிக்கிழமை காலை, காரை வெளியே தள்ளிவிட்டு கராஜில் கடை விரித்திருந்தான். கல்யாண சமையல் சைஸில் ஒரு எவர்சில்வர் பாத்திரம், காஸ் அடுப்பு, மரத் துடுப்பு, நீளக் கம்பி வைத்த தெர்மாமீட்டர், ஒரு ஸ்டாப் வாட்ச். சுவரில் ஒரு தாள்:

52 டிகிரி – 15 நிமிஷம்
63 டிகிரி – 40 நிமிஷம்
72 டிகிரி – 20 நிமிஷம்
78 டிகிரி – 5 நிமிஷம், இறக்கு

(எல்லாம் செல்ஷியஸ். அமெரிக்காவில் இருந்தாலும் பையன் இந்த ஒரு விஷயத்தில் இந்தியன்.)

“என்னடா இது, டிரெயின் டைம்டேபிளா?”

“கிட்டத்தட்ட அதேதான் மாமா. ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் கரெக்டா நிக்கணும். ஒரே வித்தியாசம், ரிட்டர்ன் டிரெயின் கிடையாது.”

பையன் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவனுடைய போன தடவை பானைக்கு நேர்ந்த கதி அப்படி. 52-லிருந்து 63-க்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது ஆபீஸிலிருந்து போன். ஏதோ சர்வர் படுத்துவிட்டது என்று ஒரே கூப்பாடு. பேசி முடித்துத் திரும்பினால் முள் 74-ல் நிற்கிறது. பதறிப்போய்ப் பச்சைத் தண்ணீர் ஊற்றி 63-க்கு இறக்கி, கணக்காக 40 நிமிஷம் வைத்திருந்து, மூன்று வாரம் காத்திருந்து குடித்துப் பார்த்தால்...

“பாயசம் அங்கிள்,” என்றாள் அவன் மனைவி, கராஜ் வாசலில் நின்றபடி. “ஏலக்காய் மட்டும்தான் போடலை.”

டிகிரியை இறக்கியாகிவிட்டது. நேரமும் சரியாகக் கொடுத்தாகிவிட்டது. அப்புறம் எங்கே கோளாறு?

* * *

பார்லியை ஊறவைத்து நாலைந்து நாள் முளைகட்ட விட்டு, சூடான காற்றில் காயவைத்தால் அதற்குப் பெயர் மால்ட். தூங்கிக்கொண்டிருந்த விதை தண்ணீர் பட்டதும் விழித்துக்கொள்கிறது. உள்ளே மூட்டை மூட்டையாக ஸ்டார்ச் இருக்கிறது. குருத்துக்குச் சாப்பாடாக அதைச் சர்க்கரையாக்க வேண்டும். அதற்கான கத்தி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் தயார் பண்ணிக்கொள்கிறது. எல்லாம் தயாரான சமயம் பார்த்து நாம் காயவைத்து நிறுத்திவிடுகிறோம். பந்திக்கு இலை போட்ட நேரத்தில் கரெண்ட் கட் ஆன மாதிரி.

இந்த மால்ட்டை உடைத்து வெந்நீரில் கலந்தால் கரெண்ட் வந்துவிடும். கத்தரிக்கோல்கள் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரும். இதற்குத்தான் மாஷ் என்று பெயர். சாப்பாடு குருத்துக்குப் போகாமல் நமக்கு வருகிறது, பிற்பாடு ஈஸ்ட்டுக்கு. அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலைத் தருவது தனிக் கதை.

கத்தரிக்கோல் என்று நான் சொல்வது என்ஸைம்களை. 1833-ல் பேயன், பெர்ஸோ என்று இரண்டு பிரெஞ்சு ரசாயனக்காரர்கள் மால்ட்டிலிருந்து ஒரு சரக்கைப் பிரித்தெடுத்து ‘டயஸ்டேஸ்’ என்று பெயர் வைத்தார்கள். உலகத்தில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட என்ஸைம் அதுதான். இன்றைக்குப் பாடப் புத்தகத்தில் வரும் அத்தனை ‘ஏஸ்’களுக்கும் அந்த வால் அங்கிருந்து ஒட்டியதுதான்.

என்ஸைம் ஒரு புரோட்டீன். சூடு ஏற ஏற வேகமாக வேலை செய்யும். ஓர் அளவுக்கு மேல் போனால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி வெந்துவிடும். வெந்த முட்டையை ஃபிரிட்ஜில் வைத்தால் பச்சை முட்டை ஆகுமா? பையன் ஊற்றிய பச்சைத் தண்ணீர் தெர்மாமீட்டரைத்தான் இறக்கியது. போன உயிரை மீட்கவில்லை.

* * *

போன உயிர் யாருடையது? மால்ட்டில் பல என்ஸைம்கள் உண்டு. முக்கியமானவர்கள் இருவர்.

ஸ்டார்ச் என்பது பிரும்மாண்டமான கூட்ஸ் வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு குளுகோஸ். அங்கங்கே கிளை பிரியும். பீட்டா-அமைலேஸ் ஒழுங்கான குமாஸ்தா. வால் பக்கத்திலிருந்து இரண்டு இரண்டு பெட்டியாகக் கழற்றுவார். அந்த ஜோடிப் பெட்டிதான் மால்ட்டோஸ், ஈஸ்ட்டுக்கு அல்வா. கிளை பிரியும் இடம் வந்தால், ‘இது என் ஸீட் இல்லை’ என்று ஃபைலை மூடிவிடுவார். அவருக்குப் பிடித்த சூடு 60-லிருந்து 65 வரை. 70-ஐத் தாண்டினால் சில நிமிஷங்களில் காலி.

ஆல்ஃபா-அமைலேஸ் முரட்டு ஆசாமி. நடுவில் எங்கே தோன்றுகிறதோ அங்கே வெட்டுவார். அவருக்கு 70, 72-தான் சுகம். 63-லும் அரை மனசாக வேலை செய்வார். அவர் வெட்ட வெட்டப் புது வால்கள் கிடைப்பதால் குமாஸ்தாவுக்கும் வேலை ஓடும். ஆனால் கடைசியில் ஆல்ஃபா மிச்சம் வைக்கும் நீளத் துண்டுகளை பீரில் போடும் ஈஸ்ட் தின்னாது. அவை பீரிலேயே தங்கி, நாக்கில் ஒரு கனத்தைக் கொடுக்கும்.

எனவே 63-ல் அதிக நேரம் நின்றால் மால்ட்டோஸ் நிறைய. பீர் வறட்டென்று, ஆல்கஹால் சற்றுத் தூக்கலாக இருக்கும். சீக்கிரம் 72-க்குப் போனால் கனமான, லேசாக இனிக்கிற பீர். தாளில் எழுதியிருந்த டிகிரி எந்த ஆளுக்கு டியூட்டி என்று சொல்கிறது. நிமிஷம் அவருக்கு எத்தனை நேரம் ஷிஃப்ட் என்று சொல்கிறது. போன தடவை குமாஸ்தா கையெழுத்துப் போட்டு உட்காருவதற்குள் ஆபீஸே பற்றிக்கொண்டுவிட்டது. பாயசத்துக்குக் காரணம் அதுதான்.

சில்லறை ஸ்டேஷன்களும் உண்டு. பவேரியாவின் கோதுமை பீரில் கிராம்பு போடாமலே ஒரு கிராம்பு வாசனை வரும். 45 டிகிரியை ஒட்டிக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் தானியத்திலிருந்து ஃபெரூலிக் அமிலம் கழன்று வரும். அந்த ஊர் ஈஸ்ட் அதை வாசனையாக மாற்றிவிடும். 52-ல் நிற்பது புரோட்டீனை உடைக்க. 78 எல்லாருக்கும் வீட்டுக்குப் போகிற மணி. ஆல்ஃபாவும் அதற்கு மேல் தாங்க மாட்டார்.

வேலை முடிந்ததா என்று பார்க்கப் பத்தாம் வகுப்பு லாப் ஞாபகம் இருந்தால் போதும். வெள்ளைச் சாஸரில் ஒரு சொட்டுக் கஞ்சித் தெளிவு, அதன் மேல் ஒரு சொட்டு அயோடின். நீலக் கறுப்பானால் ஸ்டார்ச் பாக்கி. மஞ்சள் பழுப்பிலேயே நின்றால் முடிந்தது. சாஸரில் இருப்பதைக் கொட்டிவிட வேண்டும். பானையில் திருப்பி ஊற்றக் கூடாது.

* * *

இப்போது ஒரு சூட்சுமம். ஸ்டாப் வாட்ச்சை எப்போது அமுக்குவது? அடுப்பைத் தூண்டும்போதா, 63-ஐத் தொடும்போதா?

நிமிஷத்துக்கு ஒரு டிகிரி ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 52-லிருந்து 63-க்கு 11 நிமிஷம், 72-க்கு 9, 78-க்கு 6. பிரயாணத்துக்கே 26 நிமிஷம். தாளில் 80 நிமிஷம் போட்டிருந்தாலும் கராஜில் நூறைத் தாண்டும். ஐரோப்பிய மால்ட் பரிசோதனைச் சாலைகளில் இந்தப் பிரயாணமும் விதியில் அடக்கம். 45 டிகிரியில் 30 நிமிஷம், அப்புறம் நிமிஷத்துக்கு ஒரு டிகிரி வீதம் 70 வரை, அங்கே ஒரு மணி நேரம். எல்லா லாபுக்கும் ஒரே கணக்கு.

வீட்டு அடுப்பு அப்படி விதிக்குக் கட்டுப்படாது. சோனி அடுப்பாக இருந்து 63-லிருந்து 72-க்குப் போக அரை மணி எடுத்தால், அதில் முதல் பாதி குமாஸ்தாவுக்கு ஓவர்டைம்தான். 40 நிமிஷம் என்று தாளில் இருக்கும், பானைக்குள் 55. அதனால் பையன் ஸ்டேஷனைத் தொட்டதும் மணியைக் குறிக்கிறான். கிளம்பியதையும் தனியாகக் குறிக்கிறான். கிளறுவதையும் நிறுத்துவதில்லை. மேலே தெர்மாமீட்டர் 63 காட்டும்போது கிளறாத பானையின் அடியில் 75 இருக்கலாம்.

அடுப்பையே நம்பாதவர்கள் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிச் சூட்டை ஏற்றுவார்கள். கணக்கு சுவாரசியமானது. 4 கிலோ மால்ட், 12 லிட்டர் தண்ணீர். சூட்டை வாங்கிக்கொள்வதில் ஒரு கிலோ மால்ட் சுமார் 0.4 லிட்டர் தண்ணீருக்குச் சமம். பாத்திரம் தின்னும் சூட்டை விட்டுவிட்டால், 52-லிருந்து 63-க்கு, அதாவது 11 டிகிரி ஏற, சுமார் 4 லிட்டர் கொதிநீர் வேண்டும். அடுத்த 9 டிகிரிக்கு 5.7 லிட்டர். கடைசி 6 டிகிரிக்கு 6.4 லிட்டர்! பானையில் சரக்கு கூடிக்கொண்டே போகிறது. கொதிநீருக்கும் கஞ்சிக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் குறைந்துகொண்டே வருகிறது. சம்பளம் ஏற ஏறக் கையில் நிற்பது குறைவதன் ரகசியமும் இதுதானோ என்று தோன்றியது. 12 லிட்டரில் ஆரம்பித்தது 28-ல் முடியும். பானையை முதலிலேயே பெரிதாக வாங்க வேண்டும்.

* * *

தெர்மாமீட்டரே இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்?

ஃபாரன்ஹீட் பாதரசத் தெர்மாமீட்டர் செய்தது 1714-ல். மைக்கேல் கோம்ப்ரூன் என்ற லண்டன்காரர் பீர் காய்ச்சுவதில் அதன் உபயோகத்தை விளக்கிப் பெரிய புத்தகம் போட்டது 1762-ல். அதற்கு முன் இங்கிலாந்தில் ஒரு யுக்தி இருந்தது. கொதித்த தண்ணீரை ஆறவிடுவார்கள். ஆவி அடங்கி, தண்ணீரில் தன் முகம் தெரிந்தால் மால்ட்டைக் கொட்டலாம். முகம் பார்த்துச் சூடு சொல்வது! கிட்டத்தட்ட சரியாகவே வந்திருக்கிறது.

ஜெர்மனியிலும் பொஹீமியாவிலும் இன்னும் சாமர்த்தியம். கையால் தெரிந்துகொள்ளக்கூடிய சூடு உடம்புச் சூடு. கண்ணால் தெரிந்துகொள்ளக்கூடியது கொதி. இரண்டும் ஏறக்குறைய மாறாதவை. எனவே கஞ்சியை உடம்புச் சூட்டில் ஆரம்பித்து, மூன்றில் ஒரு பங்கை எடுத்துத் தனியே கொதிக்கவிட்டு, திரும்பக் கொட்டினார்கள். 35 டிகிரியில் இரண்டு பங்கு, 100-ல் ஒரு பங்கு. கணக்குப்படி 57. வழியில் காற்றும் பாத்திரமும் தம் கமிஷனை எடுத்துக்கொள்ள, 50-க்கு மேல் சொச்சத்தில் வந்து நிற்கும். மறுபடி ஒரு பங்கு, அறுபதுகள். இன்னொரு தடவை, எழுபதுகள். தெர்மாமீட்டர் இல்லாமலே எல்லா ஸ்டேஷனிலும் வண்டி நின்றுவிடும்!

கொதிக்கிற பங்கில் என்ஸைம் செத்துவிடுமே என்று கேட்கிறீர்களா? சரியான கேள்வி. அவர்கள் கெட்டியான தானியத்தைத்தான் மொண்டு எடுப்பார்கள். தெளிந்த நீர் பானையிலேயே இருக்கும். என்ஸைம்கள் பெரும்பாலும் கரைந்திருப்பது அந்த நீரில். வேலைக்காரர்களை வீட்டில் வைத்துவிட்டு மூட்டையை மட்டும் அடுப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். என்ஸைம் என்ற வார்த்தை பிறப்பதற்கு ரொம்ப முன்னால்! செக் நாட்டு பில்ஸன் நகரில் 1842-ல் ஜோஸஃப் க்ரோல் முதன்முதலாகக் காய்ச்சிய பொன்னிற பீரை இன்றும் இப்படி மூன்று தடவை கொதிக்கவிட்டுத்தான் செய்கிறார்கள்.

பிற்பாடு பீர்க்காரர்கள் டிகிரி விஷயத்தில் கறாராகிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் நம்மைப் படுத்திய ஜேம்ஸ் ஜூல், ஸால்ஃபோர்டில் ஒரு பீர்க் காய்ச்சுகிறவரின் மகன். குடும்பத் தொழிலைப் பார்த்துக்கொண்டே 1840-களில் வெப்பத்தையும் வேலையையும் அளந்தார். ஒரு ஃபாரன்ஹீட் டிகிரியில் 200-ல் ஒரு பங்கு வரை அளப்பேன் என்றபோது விஞ்ஞானிகள் பலர் நம்பவில்லை. பீர்ப் பானைக்குப் பக்கத்தில் வளர்ந்த ஆசாமிக்கு அரை டிகிரியின் விலை தெரிந்திருக்கும்.

* * *

இத்தனை ஸ்டேஷன் இன்றைக்குத் தேவையா? இங்கேதான் வீட்டு பீர்க்காரர்களுக்குள் சண்டை.

பழைய மால்ட் அரைகுறையாக முளைத்தது. அதை 50 டிகிரியில் அரை மணி, ஒரு மணி வைத்தால்தான் புரோட்டீன் உடையும். இப்போதைய மால்ட்டில் அந்த வேலை மால்ட் தயாரிக்கிற ஆலையிலேயே முடிந்துவிடுகிறது. முடிந்த வேலையைத் திரும்பச் செய்தால், நுரையைத் தாங்கிப் பிடிக்கிற புரோட்டீனும் சேர்ந்து உடைந்துவிடும். கிளாஸில் ஊற்றின பீர் நுரை தளர்ந்து, நேற்றைய சோடா மாதிரி நிற்கும். பழைய புத்தகத்தை வரிக்கு வரி பார்த்துச் செய்கிறவர்கள், காரணம் போன பிறகும் சடங்கை விடாதவர்கள். பையன் 52-ல் 15 நிமிஷத்தோடு நிறுத்துகிறான். அதையும் விட்டுவிடலாம் என்று யோசனை.

ஜெர்மன்காரர்களே இப்போது ‘ஹோக்குர்ட்ஸ்’ என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அதிகச் சூடு, குறைந்த நேரம் என்று அர்த்தம். நேரே 62, 63-ல் ஆரம்பித்து அரை மணியிலிருந்து முக்கால் மணி, அப்புறம் 72, கடைசியில் 77. இங்கிலாந்துக்காரர்கள் இன்னும் ஒரு படி மேல். 66 டிகிரி, ஒரு மணி நேரம், மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். குமாஸ்தாவும் முரட்டு ஆசாமியும் ஒரே அறையில் சகித்துக்கொண்டு வேலை பார்க்கிற டிகிரி அது. கூட்டுக் குடும்பம் மாதிரி. யாருக்கும் பூரண திருப்தி கிடையாது. ஆனால் அடுப்பு எரிகிறது.

* * *

போலீஸ் பயமில்லாமல் இதை நம் வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. கேழ்வரகு.

முளைகட்டிய கேழ்வரகிலும் இதே அமைலேஸ் நிறைய உண்டு. முளைகட்டி, நிழலிலோ வெயிலிலோ காயவைத்து அரைத்த மாவு வேண்டும். வாசனைக்காக வறுத்துவிட்டால் அமைலேஸ் போச்சு. பையனின் 74 டிகிரி கதைதான். அரிசிக் கஞ்சியைக் கரண்டி நிற்கிற கெட்டியில் காய்ச்சி இறக்கி, சூடான காபி குடிக்கிற பதத்துக்கு ஆறவிடுங்கள். ஒரு ஸ்பூன் மாவைப் போட்டுக் கிளறுங்கள். ஐந்து, பத்து நிமிஷத்தில் கரண்டி சாயும். கஞ்சி ரசம் மாதிரி இளகி, லேசாக இனிக்கும். கொதிக்கிற கஞ்சியில் போட்டால் ஒன்றும் நடக்காது. பச்சை மாவு என்பதால் குடிப்பதற்கு முன் மறுபடி ஒரு கொதி விடுங்கள்.

இது வேடிக்கை மட்டும் அல்ல. கைக்குழந்தைக்கு வயிறு சின்னது. கெட்டிக் கஞ்சி தொண்டையில் இறங்காது. தண்ணீர் ஊற்றி இளக்கினால் வயிறு நிரம்பும், சத்து சேராது. தண்ணீர் சேர்க்காமல் இளக்கத் தெரிந்தது இந்த முளைகட்டிய மாவுக்குத்தான். 1980-களிலேயே பரோடா பல்கலைக்கழகத்து ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் இதைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். மாவு ஒன்றுதான். எந்தச் சூட்டில் போடுகிறோம், எத்தனை நிமிஷம் பொறுக்கிறோம் என்பதில்தான் குழந்தையின் எடை இருக்கிறது.

பீர் என்று ஆரம்பித்துக் கேழ்வரகுக் கஞ்சியில் முடித்துவிட்டானே என்று கோபித்துக்கொள்கிற இளைஞர்களுக்கு: கஞ்சிக்கு லைசென்ஸ் வேண்டாம். டிரை டேயிலும் கிடைக்கும்.